தனுஷ்கோடி மணலில் ஓடிய ஜீப்பும் இறுகிப்போன பவர் ஸ்டீயரிங்கும்

பவர் ஸ்டீயரிங் இறுகிவிட்டது என்று ஒரு பழைய ஜீப்பைக் கொண்டுபோய் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினால், பானட்டைத் தூக்கிய கையோடு வரும் பேச்சு "பம்ப் போச்சு, மாத்திடலாம்" என்பதுதான். பம்ப் கண்ணுக்கு நேரே இருக்கிறது. முனகல் சத்தமும் அங்கிருந்துதான் கேட்கிறது. பழியும் அதன் தலையில் விழுந்துவிடுகிறது. எங்கள் இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் பம்ப்பைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்பது என் அனுபவம். உப்பு முதலில் தின்பது வேறு இடங்களை. சித்தப்பாவின் ஜீப்பில் செய்த வேலையை எழுதிவைக்கிறேன். இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பம்ப் விலையாவது மிஞ்சட்டும்.

வண்டி பழைய டீசல் ஜீப், ஃபோர் வீல் டிரைவ். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், முன்னால் ஒரே துண்டாக இரும்பு ஆக்சில். கம்பெனியிலிருந்து வந்தபோது அதில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. முன்பு வைத்திருந்தவர் வேறொரு வண்டியின் பம்ப்பையும் ஸ்டீயரிங் பாக்ஸையும் பிற்பாடு பொருத்தியிருக்கிறார். அவர் அதைத் தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றி ஓட்டியவர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு, 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கும் வரைக்கும், முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணலும் கடல்தண்ணீரும்தான் பாதை. வேனும் ஜீப்பும் சக்கரம் பாதி நனையத்தான் போய்வந்தன. அந்த ஓட்டத்தில் கிடந்த வண்டிக்குச் சேஸிஸின் உள்பக்கமெல்லாம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இப்போது சித்தப்பா அதில் கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போய் மீன் பெட்டி ஏற்றிவருகிறார். ஆக உப்பு இன்னும் விட்டபாடில்லை.

அவர் சொன்ன குறைகள் இவை. நின்ற இடத்தில் ஸ்டீயரிங் அசையவே யோசிக்கிறது. ரேஸ் கொடுத்தால் கொஞ்சம் இளகுகிறது. திருப்பும்போது பம்ப் பக்கமிருந்து முனகல். இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது அவர் கடைசியில் சொன்னது.

"டேய் தம்பி, பாம்பன் பாலத்துல எதுக்க பஸ் வருது. லேசா ஒடிச்சேன், ஒடிச்ச இடத்துலயே நிக்குது. நானா புடிச்சு இழுத்துத்தான் நேராக்குனேன்."

வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் அதை ஆயில் ஊற்றிச் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை. எங்கேயோ இரும்பு இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் பவர் ஸ்டீயரிங் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எதை எங்கே தேடுவது என்பது இதில்தான் இருக்கிறது. ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு ஷாஃப்ட் இறங்கி, சாய்வில் மடங்கியபடி சுற்றவிடும் இரண்டு கிராஸ் மூட்டு (யுனிவர்சல் ஜாயிண்ட்) வழியாக, ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் முதலில் சந்திப்பது மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்றை. நாம் திருப்பும்போது சக்கரம் எதிர்த்து நிற்பதால் அந்தக் கம்பி துளி முறுகுகிறது. அந்தத் துளி முறுக்கு வால்வைத் திறந்து, பம்ப்பின் ஆயில் அழுத்தத்தைப் பாக்ஸுக்குள் இருக்கும் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கு அனுப்புகிறது. பிஸ்டன் தள்ள, பாக்ஸிலிருந்து வெளியே நீளும் கையான டிராப் ஆர்ம் நகர, சக்கரம் திரும்புகிறது.

அப்படியென்றால் வால்வுக்குக் கீழே இருக்கிற எடையை, அதாவது டயர், சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு இவற்றின் இறுக்கத்தையெல்லாம், பம்ப் நமக்காகச் சுமக்கும். வால்வுக்கு மேலே இருக்கிற இறுக்கத்துக்குப் பம்ப்பால் ஒன்றும் செய்ய முடியாது. ஷாஃப்டிலோ கிராஸிலோ துரு பிடித்திருந்தால் அதை முழுக்க நம் கைதான் தாங்க வேண்டும். கையை எடுத்த பிறகும் அந்த இறுக்கம் ஸ்டீயரிங்கை நேருக்கு வரவிடாமல் பிடித்துவைக்கும். புதுப் பம்ப் போட்டாலும் இது மாறாது. பம்ப் மாற்றியும் சரியாகவில்லை என்று புலம்புகிறவர்களின் வண்டியில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

எனவே முதல் வேலை, இறுக்கம் வால்வுக்கு மேலேயா கீழேயா என்று பிரிப்பது. கையால் திருப்பிப் பார்த்து "இப்ப பரவாயில்ல" என்று சொல்வதை நான் நம்புவதில்லை. வேலை செய்த களைப்பில் கை எதையும் சொல்லும். சித்தப்பாவிடமே மீன் எடை போடுகிற கொக்கித் தராசு இருந்தது. அதன் கொக்கியை ஸ்டீயரிங் வளையத்தில் மாட்டி, வளையத்தை ஒட்டி நேராக இழுத்து, எத்தனை கிலோவில் அசைகிறது என்று குறித்துக்கொண்டேன். கம்பெனி மேனுவல்களில் சொல்லும் முறையும் இதுதான், அங்கே தராசு கொஞ்சம் பளபளப்பாக இருக்கும். சிமெண்ட் தரையில், இன்ஜின் ஸ்லோவில் ஓட, முள் 8 கிலோவுக்கும் 11 கிலோவுக்கும் நடுவே ஏறி இறங்கியது. ஒழுங்காக இருக்கிற வண்டியில் இந்த அளவு 3, 4 கிலோவைத் தாண்டக் கூடாது. எவ்வளவு என்பதைவிட ஏறி இறங்குகிறது என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது.

பிறகு டயர். முன் டயர் இரண்டிலும் 18 பிஎஸ்ஐதான் இருந்தது. மணலில் இறங்கும்போது காற்றைக் குறைப்பது சரி, இல்லாவிட்டால் புதைந்துவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். கரைவலை இழுக்கிற இடத்திலிருந்து திரும்புகிற வழியில் காற்றுக் கடை இல்லை என்பது சித்தப்பாவின் நியாயம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டுகிற சின்னக் கம்ப்ரஸர் ஒன்றை வண்டியிலேயே வைத்துவிட்டால் அந்த நியாயமும் தீர்ந்தது. 30 வைத்ததும் தராசு சுமார் ஒன்றரைக் கிலோ இறங்கியது. ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது.

அடுத்து முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு மெதுவாகத் திருப்பினேன். பவர் ஸ்டீயரிங் வண்டியில் பலர் செய்யாமல் விடுகிற சோதனை இது. பம்ப் ஓடவில்லை, டயர் தரையில் இல்லை. மிஞ்சுவது இரும்பின் இறுக்கம் மட்டும். சாவகாசமாக ஒரு முழுச் சுற்று சுற்றினால் இரண்டு இடத்தில் இறுகியது, இரண்டு இடத்தில் விட்டது. அடுத்த சுற்றிலும் அதே இடங்கள். தராசில் 2 கிலோ, 5 கிலோ, மறுபடி 2, மறுபடி 5.

ஒரு சுற்றுக்கு இரண்டு முறை என்றால் என் கை நேரே கிராஸுக்குத்தான் போகும். கிராஸின் ஒவ்வொரு அச்சும் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒரு முறை ஒரு பக்கம் மடங்கி, ஒரு முறை மறுபக்கம் திரும்புகிறது. ஓர் அச்சு துருப்பிடித்து நின்றுவிட்டால், அது மடங்க வேண்டிய கணங்களிலெல்லாம் இறுகும். பாக்ஸுக்குள் கோளாறு என்றால் இப்படித் தாளம் போட்டு வராது. நடுவில் மட்டும் இறுகி இரண்டு ஓரத்திலும் விட்டால் பாக்ஸ் மேலே இருக்கும் அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்க்ரூவை யாரோ அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். ஆட்டம் அதிகமாக இருக்கிறது என்று சொன்னால் சிலர் அந்த ஸ்க்ரூவைத்தான் முதலில் திருகுவார்கள். அது தப்பு. டை ராடு, டிராப் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் இவற்றின் பால் ஜாயிண்டுகளைப் பார்க்காமல் அதைத் தொடவே கூடாது.

ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன் சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டீயரிங்கைக் கயிற்றால் சீட்டோடு கட்டினேன். ஒவ்வொரு பல் இணைப்பிலும் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு. இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுக்க உருவ வேண்டும். அந்த போல்ட் ஷாஃப்டில் இருக்கும் பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அது தெரியாமல் சுத்தியலால் தட்டினால் பாக்ஸின் பேரிங்தான் அடி வாங்கும். போல்ட் வர மறுத்தது. துருவிளக்கி ஸ்ப்ரே அடித்து, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் காலையில் இறுக்குகிற திசையில் ஒரு மயிரிழை திருப்பி, பிறகு கழற்றினேன். வந்தது.

ஷாஃப்டை வைஸில் கடித்துவைத்து நுனியைக் கையில் பிடித்தேன். மேல் கிராஸ் நன்றாக இருந்தது. நான்கு பக்கமும் தன் எடைக்கே சரிந்தது. பாக்ஸை ஒட்டிய கீழ்க் கிராஸ், ஓர் அச்சில் லேசாக ஆடியது, இன்னோர் அச்சில் அசையவே இல்லை. இரண்டு கையாலும் அழுத்தியபோது கிரீச் என்று ஒரு சத்தம், மூடியின் ஓரத்திலிருந்து காவி நிறத்தில் பொடி உதிர்ந்தது. சர்க்கிளிப்பை எடுத்து, சாக்கெட் வைத்து அமுக்கி மூடியை வெளியே தள்ளினேன். ஊசி பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஊசிகள் பாதிதான் இருந்தன. மீதி அந்தப் பொடி. கிராஸின் கால் மீது ஊசிகள் பதிந்த தடம், நகத்தால் தடவினால் பள்ளம் பள்ளமாகத் தட்டுப்பட்டது. முன் சக்கரம் வாரியடிக்கிற தண்ணீர் நேரே படுகிற இடம் அது. மேல் கிராஸ் இன்ஜின் சூட்டில் காய்ந்து பிழைத்துக்கொண்டது.

இப்படி இறுகிய கிராஸை ஸ்ப்ரே அடித்து ஆட்டி ஆட்டி இளக்கிவிடலாம். கொஞ்ச நாள் ஓடும், திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங் விஷயத்தில் அந்தக் கணக்கு வேண்டாம், மாற்றிவிடுங்கள். பழைய மூடியின் விட்டத்தையும் கிராஸின் முழு நீளத்தையும் காலிப்பரில் அளந்துகொண்டு இராமநாதபுரம் போனால் கிடைக்கிறது. வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், அளவைச் சொல்லிக் கேளுங்கள். பிற்பாடு பொருத்திய ஸ்டீயரிங்கில் எந்த வண்டியின் ஷாஃப்ட் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

திரும்பப் பூட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே வாக்கில் இருக்க வேண்டும். ஒரு கிராஸ் சாய்வில் சுற்றும்போது வேகம் சீராக வராது, கொஞ்சம் முந்தும் பிந்தும். அதை இன்னொரு கிராஸ் ஈடுகட்டுவதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஒரு பல் மாறி உட்கார்ந்தால் புதுக் கிராஸ் போட்டும் ஸ்டீயரிங் ஏறி இறங்கும். வெள்ளைக் கோடு போட்டது இதற்காகத்தான்.

கிராஸ் மாற்றிய பிறகு, தூக்கி நிறுத்திய நிலையில் தராசு சுற்று முழுக்க 2 கிலோவுக்குச் சற்றுக் கீழே, ஒரே சீராக நின்றது. சித்தப்பாவின் பாலத்துப் பயம் இத்தோடு தீர்ந்தது. முனகலும், ஸ்லோவில் இறுகுவதும் மிச்சம்.

சக்கரம் தரையில் இருக்க, தம்பியை உள்ளே உட்காரவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் திருப்பச் சொல்லி நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சேஸிஸ் வரைக்கும் சாக்பீஸால் ஒரே கோடாக இழுத்திருந்தேன். அவன் வலப்பக்கம் ஒடித்தபோது டிராப் ஆர்ம் அசைவதற்கு முன்னாலேயே கோடு உடைந்தது. பாக்ஸில் இருந்த பாதியும் சேஸிஸில் இருந்த பாதியும் ஒரு தீக்குச்சிப் பருமனுக்கு விலகி, விட்டதும் ஒன்று சேர்ந்தன. அதாவது பம்ப் தருகிற பலத்தில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் சேஸிஸ் தகட்டை வளைத்துக்கொண்டிருந்தது.

இதைப் பார்த்த பிறகு வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது என்று சித்தப்பாவிடம் கறாராகச் சொன்னேன். மீன் பெட்டிக்கு வாடகை வண்டிதான். அவருக்கு முகம் சுருங்கியது, இருந்தாலும் கோட்டைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

பாக்ஸை இறக்கிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால், துரு செதில் செதிலாகக் கொட்டியது. கீழ் போல்ட் ஓட்டையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. வெடிப்பின் உள்விளிம்பு காவியேறிக் கிடந்தது. புதிதாக விட்ட வெடிப்பு என்றால் இரும்பு பளபளக்கும். இது பழசு, நாளாக வளர்ந்துவந்தது. காரணம் இரண்டு. பவர் இல்லாத பாக்ஸுக்காகச் செய்த சேஸிஸ் இது. கையின் பலத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பும்போது பம்ப் போடுகிற தள்ளுக்கு அந்தத் தகடு பழக்கப்பட்டதில்லை. இன்னொன்று, சேஸிஸ் பெட்டிக்குள் குழாய்த் துண்டு வைக்காமல் போல்ட்டை அப்படியே இறுக்கியிருக்கிறார்கள். இறுக்க இறுக்கப் பெட்டி நசுங்கும், போல்ட் தளரும், திரும்ப இறுக்குவார்கள், திரும்ப நசுங்கும். அதன் மேல் உப்பு.

மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு வெல்டிங் வேலை செய்கிற அண்ணன் ஒருவரிடம் போனேன். கடல் இரும்போடு பழகியவர், அதனால் அவர் பேச்சுக்கு என்னிடம் மதிப்பு அதிகம்.

"அண்ணே, மேல ஒரு தகடு வச்சுப் பத்தவச்சிரலாமா?"

"வச்சா ஒட்டும் தம்பி. துரு மேல ஒட்டுனது எத்தன நாளைக்கு நிக்கும்? வெள்ளையா இரும்பு தெரியுற வரைக்கும் தேச்சுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்."

தேய்த்தேன். கிரைண்டரில் இரண்டு பக்கமும் தேய்த்து முடித்த பிறகுதான் நல்ல இரும்பு எதுவரை இருக்கிறது என்று தெரிந்தது. வெடிப்பின் நுனியில் 4 மிமீ ஓட்டை ஒன்று போட்டார். அது வெடிப்பு மேலே ஓடாமல் தடுக்க. வெடிப்பை வி வடிவில் கீறி நிரப்பி, மட்டமாகத் தேய்த்து, அதன் மேல் 5 மிமீ தகடு. தகட்டைச் சதுரமாக வெட்டாமல் சாய்சதுரமாக வெட்டினார். சேஸிஸின் குறுக்கே நேர்கோடாக வெல்டிங் விழுந்தால் அடுத்த வெடிப்பு அந்தக் கோட்டிலேயே விடும் என்பது அவர் கணக்கு, சரியான கணக்கு. போல்ட் போகிற இடங்களில் தடித்த குழாய்த் துண்டுகளைச் சேஸிஸுக்குள் நிறுத்தி இரண்டு முனையிலும் பற்றவைத்தார். இனி எவ்வளவு இறுக்கினாலும் பெட்டி நசுங்காது. வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரண்டு வயரையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றிவிட்டோம். முடிந்ததும் ஜிங்க் பிரைமர், அதற்கு மேல் பெயிண்ட், பெட்டிக்குள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு ஆயில். உள்ளே அடிக்காவிட்டால் வெளியே அடித்ததில் பயனில்லை. துரு உள்ளிருந்துதான் வருகிறது.

இனி முனகல். ரிசர்வாயர் மூடியைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது பார்த்தால் ஆயில் நுரைத்துப் பாலாடை நிறத்தில் சுழன்றது. ஆயில் இப்படி வெளுத்தால் காரணம் காற்றாக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம். கடல்தண்ணீரில் இறங்குகிற வண்டிக்கு இரண்டையும் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஆயிலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வைத்தேன். சிறிது நேரத்தில் குமிழியெல்லாம் மேலே வந்து அடங்கி, அடியிலிருந்து தெளிந்தது. தண்ணீராக இருந்தால் அப்படிச் சீக்கிரம் தெளியாது. சந்தேகத்துக்கு ஒரு சொட்டைச் சூடான தகட்டில் விட்டேன், படபடவென்று வெடிக்கவில்லை. ஆகவே காற்று.

காற்று எங்கிருந்து நுழைகிறது? வெளியே ஒரு சொட்டு ஆயில்கூட ஒழுகவில்லையே என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ரிசர்வாயருக்கும் பம்ப்புக்கும் நடுவில் இருக்கிற பெரிய ஹோஸ் உறிஞ்சுகிற பக்கம். இன்ஜின் ஓடும்போது அங்கே அழுத்தம் கிடையாது, இழுவைதான். கிளிப் தளர்ந்திருந்தால் ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். நுரைத்த ஆயில் அமுங்கும், அதனால் அழுத்தம் ஏறாது. பம்ப்புக்குள் இருக்கும் தகடுகள் ஆயில் இல்லாமல் தடதடத்து முனகும். குற்றவாளி மாதிரி சத்தம் போடுவது பம்ப், காரணம் ஒரு சின்னக் கிளிப்பாக இருக்கலாம்.

கண்டுபிடிக்கிற வழி சுலபம். இன்ஜின் ஸ்லோவில் ஓட, பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கை போகாமல் பார்த்துக்கொண்டு, கெட்டி கிரீஸை அந்த ஹோஸின் ஒரு முனையில் கிளிப்பைச் சுற்றி அப்பினேன். சத்தம் மாறவில்லை. பம்ப் பக்கத்து முனையில் அப்பியதும் முனகல் பாதியாகக் குறைந்தது. கழற்றிப் பார்த்தபோது விஷயம் அதற்கு மேலும் இருந்தது. யாரோ ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸில் ஒரு துண்டை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்த ரப்பர் ஆயிலுக்கு ஆகாது. ஊறி உப்பி, உள்தோல் நுங்குத் தோல் போல உரிந்து பாதி வழியை அடைத்துத் தொங்கியது. ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் கிளிப் போட்டேன்.

அழுத்தப் பக்கத்து ஹோஸையும் விடவில்லை. ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. முனையில் பிரஸ் செய்த இரும்பு வளையம் துருவேறிப் பொருமியிருந்தது. இராமநாதபுரத்தில் டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் ஹோஸ் பிரஸ் செய்து தருகிற கடையில் பழையதைக் கொடுத்தால் அதே அளவில் செய்து தருகிறார்கள். இந்தப் பக்கத்தில் கிளிப் போட்டு ஒப்பேற்றுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். சின்ன வண்டிகளிலேயே முழு ஒடிப்பில் 70 முதல் 100 பார் வரை அழுத்தம் வரும். ஒழுகல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் ஆபத்து, ஊசித்துளை வழியாக வருகிற ஆயில் தோலைத் துளைத்துக்கொண்டு போகும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

பெல்ட்டைப் பற்றிச் சுருக்கமாக: புல்லிப் பள்ளத்தில் துரு பொரிந்திருந்தால் அது அரம் மாதிரி பெல்ட்டைத் தேய்த்துவிடும். எமரித் தாளால் பள்ளத்தை வழவழப்பாக்கிவிட்டுத்தான் புது பெல்ட் போட்டேன். முழுக்க ஒடிக்கும்போது கீச்சென்று கத்தினால் அது பெல்ட் வழுக்கும் சத்தம். பம்ப் முனகலோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பழைய ஆயிலை முழுக்க எடுத்தேன். ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றிக் கேனில் விட்டு, ரிசர்வாயரில் அந்த முனையை அடைத்து, சக்கரம் தூக்கிய நிலையில், இன்ஜினை ஓட்டாமல் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பத் திருப்ப, காப்பிக் கஷாய நிறத்தில் வந்தது. மேலே புது ஆயில் ஊற்றிக்கொண்டே, கீழே சிவப்பாக வரும் வரைக்கும். இந்தப் பம்ப்புக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) வகை ஆயில், நான் ஊற்றியது டெக்ஸ்ரான் 3. பிரேக் ஆயிலைத் தவறியும் ஊற்றக் கூடாது, சீல் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும். ரிசர்வாயர் அடியில் இருக்கும் வலைச் சல்லடையில் நைஸ் மணல் ஒட்டியிருந்தது. டீசலில் அலசி, ஊதி, காயவைத்துப் போட்டேன். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் தனுஷ்கோடிப் பக்கம் மூடியைத் திறந்துவைத்தால் மணல் உள்ளே போகாமல் வேறென்ன செய்யும்? அங்கே வைத்து ஆயில் ஊற்றவே வேண்டாம்.

காற்றை வெளியேற்றுவதில் அவசரம் கூடாது. சக்கரம் தூக்கியே இருக்கட்டும், இன்ஜின் அணைந்தே இருக்கட்டும். மெதுவாக இடக்கோடி, வலக்கோடி. மட்டம் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். குமிழி வருவது நின்ற பிறகு இன்ஜினைப் போட்டு ஸ்லோவில் இன்னும் கொஞ்சம் திருப்பி, அணைத்து, சிறிது நேரம் ஆறவிட்டு, மறுபடி பார்க்க வேண்டும். முதலிலேயே இன்ஜினைப் போட்டால் பம்ப் காற்றையும் ஆயிலையும் கடைந்து நுரையாக்கிவிடும், அது அடங்க நேரமாகும். கோடியில் வைத்து ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். அழுத்தம் உச்சத்துக்குப் போய், விடுவிப்பு வால்வு திறந்து, ஆயில் அங்கேயே சுற்றிச் சுற்றிச் சூடேறும். சித்தப்பாவுக்கு மணலில் சிக்கினால் ஸ்டீயரிங்கை ஒடித்துப் பிடித்தபடியே ரேஸ் கொடுக்கிற பழக்கம் உண்டு. அதை விடச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு, டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் அழுத்த மீட்டரை இரவல் வாங்கிப் பம்ப்பைச் சோதித்தேன். பம்ப்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் மீட்டரும் அதன் பின்னால் ஒரு அடைப்பு வால்வும். வால்வை அடைத்து, எண்ணைப் படித்து, உடனே திறந்துவிட வேண்டும், இங்கேயும் ஐந்து விநாடிதான் எல்லை. முள் நடுக்கமில்லாமல் 85 பாருக்குப் போய் நின்றது. பம்ப்பில் ஒரு குறையும் இல்லை. முனகலும் இல்லை.

கடைசி அளவு: சிமெண்ட் தரை, இன்ஜின் ஸ்லோ, முன் டயர் 30 பிஎஸ்ஐ, கொக்கித் தராசில் 3 கிலோ, சுற்று முழுக்க ஒரே சீர். சாக்பீஸ் கோடு உடையவில்லை. ஆன செலவு எல்லாம் சேர்த்துப் புதுப் பம்ப் விலையில் பாதிகூட வரவில்லை. வெல்டிங்தான் அதில் பெரும் பங்கு.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கடலில் போய்வந்தால் கழுவ வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்தத் தண்ணீரில் என்பதை யாரும் சொல்வதில்லை. எங்கள் பக்கம் பல ஊர்களில் போர்த் தண்ணீரே உவர். அதில் கழுவிக் காயவிட்டால் மேலே வெள்ளைப் பூப்பதைப் பார்க்கலாம். உப்பு காய்ந்தாலும் சும்மா இருக்காது, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டி கூரைக்கு அடியில் நிற்கும்போதும் துரு ஏறிக்கொண்டுதான் இருக்கும். குடிக்கிற காவிரித் தண்ணீரை வண்டிக்கு ஊற்ற மனசு வராது, ஊற்றவும் கூடாது. நான் சொன்னது இது: முழு வண்டியையும் போர்த் தண்ணீரில் அலசுங்கள், கடைசியாக ஒரே ஒரு பக்கெட் நல்ல தண்ணீர், மழை பெய்த நாட்களில் பிடித்துவைத்தது இருந்தால் இன்னும் நல்லது, ஸ்டீயரிங் பாக்ஸ், கீழ்க் கிராஸ், முன் சக்கரத்தோடு சேர்ந்து திரும்புகிற நக்கிள் இந்த மூன்று இடத்துக்கு மட்டும். காய்ந்த பிறகு கிராஸுக்கும் டை ராடு நிப்பிள்களுக்கும் கிரீஸ் கன்னால் புது கிரீஸ், பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும் வரைக்கும். புதுக் கிராஸை நிப்பிள் உள்ளதாகக் கேட்டு வாங்கியது இதற்காகத்தான்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டிராப் ஆர்ம் வெளியே வருகிற இடத்தில் பாக்ஸின் ஆயில் சீல் லேசாகக் கசிகிறது. சொட்டுவதில்லை, தூசி ஒட்டுகிற அளவுக்கு ஈரம். ஷாஃப்டில் சீல் உட்காரும் இடம் துருப்பள்ளம் விழுந்திருந்தால் சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை, புல்லர் போட்டு டிராப் ஆர்மைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். அளவைக் கொடுத்து சீலுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வரும் வரைக்கும் சித்தப்பா வண்டியை எடுக்கும் முன் ரிசர்வாயர் மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார். முன் சீட்டுக்குக் கீழே ஒரு லிட்டர் ஏடிஎஃப் இருக்கிறது.